அசடாகப் பேசிய அறிவாளி

(நகைச்சுவைத் துறையில் பெண்கள் பற்றி நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சித் தொகுப்பாளினி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே பேச வரும் ஒவ்வொருவரும் ஒரு நகைச்சுவை நடிகையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும் என்று நெறியாளர் கேட்டுக்கொண்டார். எனக்கு முன்னால் பேசியவர்கள் நம் மனத்துக்கு நெருக்கமான தமிழ் நடிகைகளைப் பற்றி அழகாகப் பேசிவிட்டார்கள். நான் கொஞ்சம் தூரம் போகப் போகிறேன். அமெரிக்காவுக்கு. அதுவும், தொலைக்காட்சி வீட்டுக்குள் நுழையாத காலத்து அமெரிக்காவுக்கு. வானொலிப் பெட்டியைச் சுற்றிக் குடும்பமே உட்கார்ந்து கேட்ட 1930, 40ஆம் ஆண்டுகளில் அந்த நாட்டையே சிரிக்க வைத்த கிரேசி ஆலன் என்ற நடிகையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். கிரேசி என்றதும் பைத்தியம் என்று அர்த்தம் செய்துகொள்ளாதீர்கள். கிரேஸ் என்ற பெயரைச் செல்லமாகக் கிரேசி என்று அழைத்தார்கள். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது, என்ன செய்வது!

இவரை ஏன் எடுத்துக்கொண்டேன் என்பதற்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கிறது. டிப்ளோமா முடித்துவிட்டு இந்தத் துறைக்கு வந்த புதிதில், நேரலைப் பல்சுவை நிகழ்ச்சி ஒன்றை ஓர் ஆண் தொகுப்பாளரோடு சேர்ந்து வழிநடத்தினேன். நான்காவது வாரமோ ஐந்தாவது வாரமோ, தயாரிப்பாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “நீங்க ரொம்ப விவரமாப் பேசுறீங்கம்மா. கொஞ்சம் தெரியாத மாதிரி பேசுங்க. அவர் கேலி பண்ணட்டும், நீங்க முழிங்க. ஜனங்க சிரிப்பாங்க” என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. நிகழ்ச்சி நன்றாக வர வேண்டும் என்றுதான் சொன்னார். நானும் முழித்தேன். ஜனங்களும் சிரித்தார்கள். வீட்டுக்குப் போய்ப் பதிவைப் போட்டுப் பார்த்தபோது எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அப்போது கல்லூரியில் வானொலி வரலாற்றுப் பாடத்தில் விரிவுரையாளர் போட்டுக் காட்டிய ஒரு பழைய ஒலிப்பதிவு நினைவுக்கு வந்தது. அதில் ஒரு பெண், தனக்குத் தெரியாதது எதுவுமே இல்லை என்பதுபோல் படு அசட்டுத்தனமாகப் பேசிக்கொண்டே போவார். கேள்வி கேட்கும் ஆண்தான் முழிப்பார். அரங்கமே சிரிக்கும். நான் செய்ததும் அசட்டுப் பெண் வேடம், அவர் செய்ததும் அசட்டுப் பெண் வேடம். ஆனாலும் இரண்டும் ஒன்றில்லை என்று உள்ளுக்குள் பட்டது. ஏன் ஒன்றில்லை என்று தேடிப் போனேன். அந்தத் தேடலில் கிடைத்ததைத்தான் இங்கே கொண்டு வந்திருக்கிறேன்.

சுருக்கெழுத்து படிக்கப் போனவர்

கிரேசி ஆலன் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். பிறந்த நாள் ஜூலை 26. பிறந்த ஆண்டு எது? அதுதான் வேடிக்கை. 1906ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவை உலுக்கிய நிலநடுக்கத்தில் தன் பிறப்புப் பத்திரம் அழிந்துவிட்டது என்று சொல்லியே அவர் காலத்தை ஓட்டினார். அந்த 1906லேயே அவர் பிறந்ததாகவும் ஒரு கணக்கு உலவியது. நிலநடுக்கம் வந்ததோ ஏப்ரல் மாதம். பிறப்பதற்கு மூன்று மாதம் முன்பே பிறப்புப் பத்திரத்தைப் பறிகொடுத்த ஒரே பெண் இவராகத்தான் இருக்க வேண்டும்! 1900ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர் பெயர் பதிவாகியிருக்கிறது. அதை வைத்து 1895 என்பதுதான் சரியான ஆண்டு என்று பின்னாளில் கணக்கிட்டார்கள். இந்த வயது விவகாரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

அவருடைய தந்தை நாட்டியக்காரர். அக்காள்மாரோடு சேர்ந்து கிரேசியும் சின்ன வயதிலேயே மேடை ஏறிவிட்டார். சிறுமியாக இருந்தபோது கொதிக்கும் திரவம் கொட்டி ஒரு கை வெந்துபோனது. அந்தத் தழும்பை வெளியே காட்டக் கூசி, வாழ்நாள் முழுவதும் கை நீண்ட உடைகளையே அணிந்தார். அவருக்கு ஒரு கண் நீலம், ஒரு கண் பச்சை என்பது இன்னொரு விசேஷம். வானொலியில் அதை யார் பார்த்தார்கள்!

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் வோடவில் என்ற பல்சுவை மேடை நிகழ்ச்சிகள் ஊர் ஊராக நடந்தன. ஒரே மேடையில் பாட்டு வரும், நடனம் வரும், வித்தைக்காரர் வருவார், நகைச்சுவை ஜோடி வரும். கிரேசி அதில்தான் பிழைத்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் வாய்ப்புகள் நின்றுபோயின. செயலாளர் வேலைக்குப் போகலாம் என்று சுருக்கெழுத்துப் படிக்கச் சேர்ந்தார். அந்தச் சமயத்தில்தான், 1922ஆம் ஆண்டு வாக்கில், நியூ ஜெர்சியில் ஒரு தோழி மூலமாக ஜார்ஜ் பர்ன்ஸ் என்ற மேடைக் கலைஞரைச் சந்தித்தார். அவருடைய பழைய கூட்டாளி அப்போது பிரிந்து போய்க்கொண்டிருந்தார். புதிய கூட்டாளி தேவைப்பட்டது.

இருவர் ஜோடியாகச் செய்யும் நகைச்சுவையில் ஒருவர் எடுத்துக்கொடுப்பார், மற்றவர் சிரிப்பு வெடியைப் போடுவார். ஜார்ஜ் தந்திரமாக ஒரு வேலை செய்திருந்தார். சிரிப்பு வசனங்களை எல்லாம் தனக்கு எழுதிக்கொண்டு, எடுத்துக்கொடுக்கும் கேள்விகளை மட்டும் கிரேசிக்குக் கொடுத்தார். முதல் நாள் மேடை ஏறினார்கள். கிரேசி சாதாரணமாகக் கேள்வி கேட்டார், ஜனங்கள் சிரித்தார்கள். ஜார்ஜ் தன் நகைச்சுவையைச் சொன்னார், யாரும் சிரிக்கவில்லை. சாதாரணக் கேள்விக்கே இந்தப் பெண் சிரிப்பை வாங்குகிறாளே என்று ஜார்ஜ் புரிந்துகொண்டார். உடனே வசனங்களை இடம் மாற்றினார். சிரிப்பு முழுவதும் கிரேசிக்கு, எடுத்துக்கொடுக்கும் வேலை தனக்கு. தன் தோல்வி கதையைப் பிற்காலத்தில் அவரே பெருமையோடு சொல்லித் திரிந்தார் என்பதற்காகவே எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கும். இருவரும் 1926 ஜனவரி 7ஆம் நாள் கிளீவ்லாந்து நகரில் திருமணம் செய்துகொண்டார்கள்.

மைக்குக்கு முன்னால்

அமெரிக்காவில் 1920ஆம் ஆண்டு வாக்கில் முறையான வானொலி ஒலிபரப்பு தொடங்கியது. 1926ல் என்பிசி, 1927ல் சிபிஎஸ் என்று நாடு தழுவிய வானொலி நிறுவனங்கள் வந்தன. சோப்பு, காப்பி, சிகரெட் நிறுவனங்கள் நிகழ்ச்சிகளுக்குப் பணம் போட்டன. பணம் போட்டவர் பெயரிலேயே நிகழ்ச்சி ஒலியேறும். கேட்பவர் எண்ணிக்கை குறைந்தால் அடுத்த பருவத்தில் நிறுவனம் கழன்றுகொள்ளும். இன்று நாங்கள் தொலைக்காட்சியில் படும் அவதி அன்றே தொடங்கிவிட்டது!

இந்தத் தம்பதி முதன்முதலில் வானொலியில் பேசியது சொந்த நாட்டில்கூட இல்லை. 1929ல் இங்கிலாந்துக்குக் கலைப்பயணம் போனபோது பிபிசியில் பேசினார்கள். 1931ல் எடி கேண்டர் என்ற பிரபல நகைச்சுவையாளர் தன் வானொலி நிகழ்ச்சிக்கு அழைப்பு விடுத்தார். யாருக்கு? கிரேசிக்கு மட்டும். கணவருக்கு அழைப்பு இல்லை. அடுத்த ஆண்டு, 1932ல், கை லொம்பார்டோவின் இசைக்குழு நிகழ்ச்சியில் இருவரும் சிரிப்பு அங்கமாகச் சேர்ந்தார்கள். 1934 முதல் நிகழ்ச்சியே அவர்கள் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு 1950 வரை வாரந்தோறும் வானொலிதான்.

கிரேசிக்கு மைக்கைக் கண்டால் பயம். ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் மேடையில் கூசாத பெண், ஓர் இரும்புக் கம்பியின் முன் நடுங்கினார். இதை நான் நம்புகிறேன். மேடையில் எதிரே முகங்கள் தெரியும். சிரிக்கிறார்களா, கொட்டாவி விடுகிறார்களா என்று பார்த்துப் பேசலாம். மைக்குக்கு முகம் கிடையாது. இந்தத் துறையில் இத்தனை வருடம் இருந்தும், நேரலைச் சிவப்பு விளக்கு எரியும்போது என் உள்ளங்கை இன்றும் வியர்க்கிறது.

கிரேசியின் கணக்கு

அப்படி என்னதான் பேசினார் என்று கேட்பீர்கள். வசனத்தை மொழிபெயர்த்தால் பாதி ருசி போய்விடும். இருந்தாலும் விஷயத்தை மட்டும் சொல்கிறேன். கிரேசி உப்புக் குடுவையில் மிளகுத்தூளைப் போட்டு வைத்திருப்பார், மிளகுக் குடுவையில் உப்பைப் போட்டு வைத்திருப்பார். ஏன் என்று கேட்டால், எல்லாரும் இரண்டையும் மாற்றி மாற்றித்தானே எடுக்கிறார்கள், இனிமேல் தவறாக எடுத்தாலும் சரியாக இருக்கும் என்பார். மின்சாரத்தை மிச்சப்படுத்த வேண்டுமா? மின்விளக்கின் கம்பியை வெட்டிக் குட்டையாக்கிவிடுவார். மின்சாரம் வர வேண்டிய தூரம் குறைகிறதே!

இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். உப்பு மிளகு விஷயத்தில் அவர் சொல்வதில் தப்பு எங்கே இருக்கிறது என்று சட்டென்று காட்ட முடிகிறதா? ஒரு கணம் ‘அட, ஆமாம்’ என்று நாமே தலையாட்டிவிடுகிறோம். அவர் பேசுவது அறிவில்லாத பேச்சு அல்ல. அவருக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு கடைசி வரை பிசகாமல் போகும், தொடங்கிய இடம் மட்டும்தான் கோணல்.

இன்னும் ஒன்று. கிரேசி நகைச்சுவை செய்வதாகக் காட்டிக்கொள்ளவே மாட்டார். தான் சொன்னதற்குத் தான் சிரிக்க மாட்டார். சிரிப்பு வருமென்று எதிர்பார்த்து நிறுத்தவும் மாட்டார். உலகத்திலேயே தெளிவான விஷயத்தைச் சொல்வதுபோலச் சொல்வார். எதிரில் இருப்பவருக்குப் புரியவில்லை என்றால், பாவம், இவருக்கு விவரம் போதாது என்று பொறுமையாக விளக்குவார். அரசாங்க அதிகாரி, வங்கிக்காரர், மருத்துவர் என்று படித்தவர்கள் எல்லாம் அவரிடம் பேசிவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு போவார்கள்.

எனக்கு விடை கிடைத்த இடம் இதுதான். என்னை முழிக்கச் சொன்னார்கள். கிரேசி ஒரு முறைகூட முழிக்கவில்லை. நான் அவமானப்படுவதைப் பார்த்துச் சிரித்தார்கள். கிரேசியின் பாத்திரத்தை அவமானப்படுத்தவே முடியாது. தான் அசடு என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தால்தானே அவமானம்? அவளைச் சுற்றி நின்ற விவரமானவர்கள்தான் தடுமாறினார்கள்.

நாட்டையே இழுத்த விளையாட்டு

கிரேசியின் வானொலிப் பேச்சில் அடிக்கடி வருகிறவர் அவருடைய அசட்டு அண்ணன். 1933 ஜனவரியில் ஒரு விளம்பர யுக்தி செய்தார்கள். அண்ணனைக் காணோம் என்று கிரேசி தன் நிகழ்ச்சியில் சொன்னார். பிறகு மற்றவர்களின் நிகழ்ச்சிகளிலும் திடீர் திடீரென்று நுழைந்து, “என் அண்ணனைப் பார்த்தீர்களா?” என்று விசாரிக்க ஆரம்பித்தார். போட்டி நிறுவனத்தின் நிகழ்ச்சிகளையும் விடவில்லை. நாடே அண்ணனைத் தேடியது. இதில் மாட்டிக்கொண்டவர் சான் பிரான்சிஸ்கோவில் கணக்காளராக நிம்மதியாக வேலை பார்த்துக்கொண்டிருந்த கிரேசியின் நிஜ அண்ணன் ஜார்ஜ் ஆலன். நிருபர்கள் மொய்த்துவிட்டார்கள். கடைசியில், காணாமல் போகாத அந்த அண்ணன், தொல்லை தாங்காமல் உண்மையிலேயே சில நாள்கள் தலைமறைவானார்!

அதைவிடப் பெரிய கூத்து 1940ல் நடந்தது. அது அமெரிக்க அதிபர் தேர்தல் ஆண்டு. பிராங்ளின் ரூஸ்வெல்ட் மூன்றாவது முறையாகப் போட்டியிட்ட தேர்தல். அதில் கிரேசி ஆலனும் அதிபர் வேட்பாளர் என்று வானொலியில் அறிவித்தார்கள். கட்சியின் பெயர் சர்ப்ரைஸ் கட்சி, அதாவது யாரும் எதிர்பாராத கட்சி. சின்னம், கங்காரு. கங்காருவின் வயிற்றில் பை இருக்கிறதல்லவா? ஆங்கிலத்தில் ‘பைக்குள் இருக்கிறது’ என்றால் வெற்றி உறுதி என்று பொருள். அதுதான் சுலோகம். சில வாரம் வானொலியில் கலகலப்புக்காக என்று தொடங்கியது, லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சிறப்பு ரயிலில் ஊர் ஊராக நின்று பேசிக்கொண்டே போகும் அளவுக்கு வளர்ந்தது. அந்த ஆண்டு மே மாதம் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் கட்சி மாநாடே நடந்தது. மிச்சிகன் மாநிலத்தில் மெனோமினி என்ற ஊரில் அவரை மேயராகவே தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அந்த ஊர்க்காரர் இல்லை என்பதால் பதவி ஏற்க முடியவில்லை. நவம்பர் தேர்தலிலும், வாக்குச்சீட்டில் அவர் பெயரைத் தாங்களே எழுதிப் போட்டவர்கள் உண்டு.

அமெரிக்கா முழுவதும் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது 1920ல். இருபது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஒரு பெண் அதிபராக நிற்கிறாள் என்பதே அன்று ஒரு நகைச்சுவை. அதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் ரயில் நின்ற ஒவ்வோர் ஊரிலும் சிறுமிகளும் வந்திருப்பார்களே. அதிபர் வேட்பாளராக ஒரு பெண் ரயிலிலிருந்து கையசைப்பதை அவர்கள் பார்த்திருப்பார்களே. அவர்கள் மனத்தில் என்ன பதிந்தது என்று யார் கண்டார்கள்?

வயது குறுக்கே வந்தபோது

இப்போது அந்த வயது விவகாரம். வானொலியில் இந்த ஜோடி பல ஆண்டுகளாகத் திருமணமாகாதவர்களாகவே நடித்து வந்தார்கள். கிரேசி ஆண்களோடு குறும்பாகப் பேசித் திரியும் இளம்பெண். ஜார்ஜ் அவரோடு மல்லுக்கட்டும் நண்பர். நிஜத்தில் இருவரும் 1934ல் சாண்ட்ரா என்ற பெண் குழந்தையையும், 1935ல் ரோனி என்ற ஆண் குழந்தையையும் தத்தெடுத்து வளர்த்துக்கொண்டிருந்தார்கள். பத்திரிகைகளில் குடும்பப் படம் வருகிறது. வானொலியில் கிரேசி கன்னிப்பெண்ணாகக் கொஞ்சுகிறார். நேயர்களுக்கு ஒட்டவில்லை. 1940ஐ ஒட்டிக் கேட்பவர் எண்ணிக்கை சரியத் தொடங்கியது. கணக்கெடுப்புச் சொல்லும் வயதை எடுத்துக்கொண்டால் கிரேசிக்கு அப்போது 45ஐத் தாண்டிவிட்டது.

இந்த இடத்தில் பல தயாரிப்பாளர்கள் என்ன செய்வார்கள் என்று எங்கள் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். இளையவர் ஒருவரைக் கொண்டு வருவார்கள். மூத்தவருக்கு ஒரு பாராட்டு விழா நடத்திப் பூச்செண்டு கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஜார்ஜ் வேறு மாதிரி யோசித்தார். நகைச்சுவை கெட்டுப்போகவில்லை, அது எங்கள் வயதுக்குப் பொருந்தாமல் இருக்கிறது, அவ்வளவுதான் என்று கண்டுபிடித்தார். 1941 முதல் வானொலியிலும் அவர்கள் கணவன் மனைவி ஆனார்கள். குறும்புக்காரக் கன்னி போய், வீடு, அண்டை அயல், வீட்டுக்குக் கடிதம் கொண்டு வரும் தபால்காரர் என்று புதிய உலகம் வந்தது. அந்தத் தபால்காரராக நடித்தவர் மெல் பிளாங்க். ‘பக்ஸ் பன்னி’ என்ற கார்ட்டூன் முயலுக்குக் குரல் கொடுத்தவரேதான். கேட்பவர்கள் திரும்பி வந்தார்கள். வயதை மறைத்தபோது சரிந்த நிகழ்ச்சி, வயதை ஒப்புக்கொண்டதும் நிமிர்ந்தது. அதற்குப் பிறகும் 17 ஆண்டுகள் கிரேசி ஓயாமல் நடித்தார்.

அந்தக் காலத்து வானொலியில் கிரேசி மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். ஃபேனி பிரைஸ் நடுத்தர வயதில் ‘பேபி ஸ்னூக்ஸ்’ என்ற குட்டிப் பெண்ணாகக் குரல் கொடுத்தார். கெர்ட்ரூட் பெர்க் தன் தொடரைத் தானே எழுதி, தானே நடித்தார். ஈவ் ஆர்டன் வாய்த்துடுக்கான பள்ளி ஆசிரியையாக 1948 முதல் கலக்கினார். ஹாட்டி மெக்டேனியல் கதை தனி. ‘பியூலா’ என்ற கறுப்பினப் பணிப்பெண் பாத்திரத்துக்கு முதலில் குரல் கொடுத்தவர் ஒரு வெள்ளைக்கார ஆண்! 1947ல்தான் அந்தப் பாத்திரம் மெக்டேனியலுக்கு வந்தது. அவரைப் பற்றி ஒரு முழு உரையே ஆற்றலாம். வேறொரு நாள் பார்ப்போம்.

தாள் இல்லாத மேடை

வானொலியில் ஒரு வசதி உண்டு. கையில் தாளை வைத்துக்கொண்டு பார்த்துப் படிக்கலாம். 1950 அக்டோபர் 12ஆம் நாள் இந்த ஜோடி சிபிஎஸ் தொலைக்காட்சிக்கு மாறியபோது அந்தத் தாள் போய்விட்டது. எல்லா வசனத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டும்.

வசனத்தை மனப்பாடம் செய்தவர்களுக்குத் தெரியும். ஒரு கேள்வி வந்தால் அதற்கு இயல்பாக என்ன பதில் வரும் என்ற பிடிமானம்தான் நமக்குத் துணை. “எங்கே போயிருந்தாய்?” என்று கேட்டால் “கடைக்கு” என்று வாய் தானாகவே சொல்லிவிடும். கிரேசிக்கு அந்தப் பிடிமானமே கிடையாது. கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தம் இருந்தால் அது கிரேசி வசனமே அல்ல! சம்பந்தமில்லாத பதில்களை, ஒரு சொல் மாறாமல், அந்தக் கோணல் கணக்கு கலையாமல், பக்கம் பக்கமாக வாரந்தோறும் மனப்பாடம் செய்ய வேண்டும். ஒரு சொல்லை மாற்றிச் சொன்னால் சிரிப்பு விழாது. முதலில் நேரலையாகவும் பிறகு படமாக்கப்பட்டும், 1958 வரை 291 பகுதிகள் ஒளியேறின. திரையில் அந்தப் பெண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. அந்தப் பெண்ணாக நடித்தவர் ஒற்றைத் தலைவலியோடும், பிறகு இருதயக் கோளாறோடும் இரவெல்லாம் வசனத்தாளும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

இடையில் ஒரு சின்னத் திருத்தம். நிகழ்ச்சி முடிவில் ஜார்ஜ், “குட் நைட் சொல், கிரேசி” என்பார். அதற்கு அவர், “குட் நைட், கிரேசி” என்று பதில் சொல்வார் என்று உலகமே நம்புகிறது. அப்படிச் சொன்னதே இல்லை. வெறும் “குட் நைட்” தான் சொன்னார். அந்த நகைச்சுவை எங்களுக்கு அப்போது தோன்றவே இல்லை என்று ஜார்ஜே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மக்கள் தாங்களாகவே கிரேசிக்கு ஒரு வசனம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு நடிகைக்கு இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரியவில்லை.

சரி, இனி உங்களில் சிலர் மனத்தில் ஓடும் கேள்விக்கு வருகிறேன். வசனம் எழுதியது ஜார்ஜும் அவர் அமர்த்திய எழுத்தாளர்களும். அசட்டுப் பெண் என்ற வகையும் அந்தக் காலத்து மேடையில் ஏற்கெனவே இருந்ததுதான். அப்படிப்பட்ட பெண்களுக்கு ‘டம்ப் டோரா’ என்று ஒரு பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். ஆண்கள் எழுதிய அசட்டு வசனத்தை ஒப்பித்ததில் கிரேசியின் சாமர்த்தியம் என்ன இருக்கிறது? இதே கேள்வியை என் தோழி ஒருத்தி என்னிடம் நேராகவே கேட்டாள். நீயும் கொஞ்ச நாள் முழித்திருந்தால் பெரிய ஆளாகியிருப்பாய், அதை நியாயப்படுத்தத்தான் இவரைத் தேடிப் பிடித்திருக்கிறாய் என்றாள். அவள் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். இன்றைக்கு இப்படி ஒரு பெண் பாத்திரத்தை எழுதிக் கொடுத்தால் நான் தயங்கித்தான் வாங்குவேன்.

ஆனால் வசனம் யாருடையது என்ற கேள்விக்கு 1958லேயே விடை கிடைத்துவிட்டது. அந்த ஆண்டு ஜூன் 4ஆம் நாள் கிரேசி தன் கடைசிப் படப்பிடிப்பை முடித்தார். போதும், இனி ஓய்வு என்று ஒதுங்கிக்கொண்டார். ஜார்ஜுக்கு நிகழ்ச்சியை விட மனமில்லை. பழைய நடிகர்களை வைத்துக்கொண்டு, ‘ஜார்ஜ் பர்ன்ஸ் ஷோ’ என்று தன் பெயரில் தொடர்ந்தார். எல்லாம் இருந்தது, கிரேசி மட்டும் இல்லை. ஒரே பருவத்தில், 1959ல், நிகழ்ச்சி நின்றுபோனது. ஜார்ஜ் திறமை இல்லாதவர் என்று சொல்ல வரவில்லை. 1976ல், 80 வயதில், ‘சன்ஷைன் பாய்ஸ்’ படத்துக்காகச் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கார் விருதை வாங்கியவர் அவர். அப்படிப்பட்டவருக்கே, கிரேசி நின்ற இடத்தை நிரப்ப ஆள் கிடைக்கவில்லை.

கிரேசியை அதன் பிறகு மேடையிலோ திரையிலோ யாரும் பார்க்கவில்லை. பேரக்குழந்தைகளோடும் தோட்டத்தோடும் இருந்தார். 1964 ஆகஸ்ட் 27ஆம் நாள் மாரடைப்பால் காலமானார். ஜார்ஜ் அதற்குப் பிறகு 31 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். கல்லறைக்குப் போய் உட்கார்ந்து கிரேசியிடம் ஊர்க்கதைகளைச் சொல்லிவிட்டு வருவது அவர் வழக்கம். 1988ல் கிரேசியைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். 1996 மார்ச் 9ஆம் நாள், நூறு வயது நிறைவாகி சில வாரங்களில், அவரும் போய்ச் சேர்ந்தார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த ஜோடியின் பெயர் ‘பர்ன்ஸ் அண்ட் ஆலன்’. எப்போதும் ஆண் பெயர்தான் முதலில். கலிபோர்னியாவில், கிளென்டேல் நகரின் ஃபாரஸ்ட் லான் மயானத்தில் இருவரையும் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். அங்கே உள்ள பெயர்ப் பலகையில், ஜார்ஜின் விருப்பப்படியே, முதலில் கிரேசி ஆலன் என்று பொறித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் ஜார்ஜ் பர்ன்ஸ். ‘மீண்டும் ஒன்றாக’ என்று ஒரு வரி. பெயருக்குப் பக்கத்தில் பிறந்த ஆண்டும் இருக்கிறது. 1902 என்று.